பனங்கட்டி நிறமும் பார்க்காத வாலும்: ஒரு ஷெட்லண்ட் கிடாய்த் தெரிவு பற்றிய நிகழ்வு ஆய்வு

2019 இல் தொடங்கி 2024 வரை நடந்த ஒரு விஷயத்தை இங்கே பதிவு செய்கிறேன். யாருடைய பெயரும் இல்லை. ஆடு இங்கிலாந்தில், தறி கொழும்பில், தவறு இரண்டு பக்கமும். நிறக் கம்பளிக்காக ஆடு வளர்ப்பவர்களும் அந்தக் கம்பளியை வாங்கி நெய்பவர்களும் ஒரு இனத்தின் உடல் இலக்கணத்தை எப்படி அரைகுறையாக வாசிக்கிறோம் என்பது இதில் நன்றாகத் தெரியும்.

பின்னணி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு கைத்தறியும் ஒரு கால்மிதி ராட்டையும் வைத்து நாங்கள் மூன்று பெண்கள் வேலை செய்கிறோம். பெரும்பாலும் பருத்திதான். கம்பளியும் நெய்கிறோம், ஆனால் சாயம் போடாத கம்பளி மட்டும். ஆட்டில் என்ன நிறமோ துணியிலும் அதே நிறம். கொழும்பு வெயிலில் கம்பளி யாருக்கு என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நுவரெலியாவுக்கு. அங்கே இரவில் மடியில் போட்டுக்கொள்ள ஒரு சிறு போர்வை இல்லாமல் உட்கார முடியாது.

புறக்கோட்டையில் கம்பளி நூல் என்று விற்பதில் பாதிக்கு மேல் அக்ரிலிக். சாயமிடாத பழுப்பும் சாம்பலும் தேடினால் கிடைக்காது. எங்களுக்கு வழி என் மச்சாள்தான். இங்கிலாந்தின் வடக்கில் ஒரு சிறு காணியில் 2016 முதல் ஷெட்லண்ட் ஆடு வளர்க்கிறார், அப்போது 11 மறிகள், அதாவது பெண் ஆடுகள்: 5 பழுப்பு, 4 கறுப்பு, 2 வெள்ளை. ஸ்கொட்லாந்துக்கு வடக்கே இருக்கும் தீவுகளின் ஆடு இது, சின்ன உடம்பு, ஒரு ஆட்டிலிருந்து வருஷத்துக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோ கம்பளிதான் வரும், ஆனால் பிரிட்டனின் பழைய இனங்களில் இவ்வளவு மெல்லிய கம்பளி கொடுப்பது மிகக் குறைவு.

இந்த இனத்துக்கு 1927 இல் எழுதிய ஒரு உடல் இலக்கணம் இருக்கிறது. தலை, காது, முதுகு, வால், கம்பளி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும் ஒரு சின்னப் பட்டியல். நிறத்தில் அது எதையும் தள்ளவில்லை. ஷெட்லண்ட்காரர் 11 முழு நிறங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் 30 விதமான புள்ளி, பட்டை அடையாளங்களுக்கும் தனித்தனிப் பெயர். மூரிட் என்பது சிவந்த பழுப்பு, மியோகெட் தேன் கலந்த மஞ்சட் பழுப்பு, மஸ்கெட் சாம்பல் ஏறிய வெளிர் பழுப்பு, எம்ஸ்கெட் நீலம் ஓடிய சாம்பல், ஷேலா இருண்ட இரும்புச் சாம்பல். கேட்கவே ஆசையாக இருக்கும். அந்த ஆசையில்தான் நாங்கள் வழுக்கினோம்.

2019 ஐப்பசி: கிடாய்த் தெரிவு

மச்சாளின் பழைய கிடாய் அதே மந்தையில் தன் பிள்ளைகளோடு சேரும் நிலைக்கு வந்துவிட்டதால் புதிது தேவைப்பட்டது. கார்த்திகையில் சேர்த்தால் ஐந்து மாதத்தில், சித்திரைவாக்கில் குட்டி. இரண்டு கிடாய்கள் பார்த்து வைத்திருந்தார், இரண்டின் படமும் வட்ஸ்அப்பில் வந்தது.

முதலாவது மூரிட். நெற்றியிலிருந்து தொடை வரை ஒரே நிறம், வளைந்து சுற்றிய அழகான கொம்பு, கமராவை நேராகப் பார்த்த முகம். ஷெட்லண்ட் என்றுதான் விற்றார்கள், பதிவுப் பத்திரம் மட்டும் இல்லை. இரண்டாவது கறுப்பு. பதிவுள்ள மந்தை, பத்திரம் எல்லாம் சரி, ஆனால் நுனி முழுக்கத் துருப்பிடித்தது போல் சிவந்திருந்தது, பார்க்க அழுக்காகத் தெரிந்தது.

எங்களிடம் கேட்டார். "எங்களுக்குப் பனங்கட்டி நிறம்தான் வேணும் மச்சாள், அதை எடுங்கோ" என்று எழுதியது நான். எங்களுக்குள் பழுப்பு நிறம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான் புழங்கியது. இருண்ட சொக்லேட்டும் பனங்கட்டி, தேன் நிறமும் பனங்கட்டி. 11 பெயர் வைத்திருக்கும் ஆட்டுக்கு நாங்கள் ஒரு பெயரில் கட்டளை கொடுத்தோம், மச்சாள் அதை மூரிட் என்று எடுத்துக்கொண்டார்.

அந்தத் தீர்மானத்துக்கு ஒரு நியாயமும் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். இந்த ஆடுகளில் வெள்ளை மற்ற நிறங்களை மூடிவிடும், கறுப்பு பழுப்பை மூடிவிடும். பழுப்பு வெளியே தெரிய வேண்டுமானால் தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் பழுப்புக்கான மரபுக் காரணி வரவேண்டும். பழுப்பு மறியோடு பழுப்புக் கிடாயைச் சேர்த்தால் குட்டி கட்டாயம் பழுப்புக் குடும்பம்தான். கணக்கு சரியாகவே இருந்தது. நிறத்தைத் தவிர வேறெதையும் அந்தக் கணக்கில் நாங்கள் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

2020 சித்திரை முதல் 2021 ஆடி வரை

14 குட்டிகள். பழுப்பு மறிகளின் 6 குட்டியும் பழுப்பு, கறுப்பு மறிகளின் 5 இல் 2 பழுப்பு, வெள்ளை மறிகளின் 3 வெள்ளை. 8 பழுப்புக் குட்டிகள் வரிசையாகச் சுவரோரம் நிற்கும் படத்தை நாங்கள் தறிக்கு மேலே ஒட்டி வைத்தோம். கொரோனா முடக்கத்தில் வேலையே இல்லாத நாட்கள் அவை, அந்தப் படம் பெரிய ஆறுதல்.

எட்டையும் வைத்துக்கொண்டார், கிடாய்க்குட்டிகளுக்கு விதை நீக்கிவிட்டு. 2021 ஆடியில் முதல் கத்தரிப்பு. கத்தரித்த கம்பளியை வெளிப்பக்கம் மேலே வருமாறு விரித்துப் படம் எடுத்து அனுப்பினார், நாங்களும் நிறம் பார்த்துச் சரி சொன்னோம். கழுவாத கம்பளியில் சாணமும் பூச்சியும் இருக்கும் என்பதால் அங்கேயே கழுவி, உலர்த்தி, உரிய அனுமதியோடு அனுப்புவது எங்கள் வழக்கம்.

2021 ஐப்பசி: மொட்டைமாடியில் கண்டது

இந்த ஒரு நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் விளங்கியது அன்றைக்குத்தான்.

மொட்டைமாடியில் வெள்ளைக் கட்டில் விரிப்பைப் போட்டு, கடற்காற்றுக்கு நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, முதல் பொதியைப் பிரித்தோம். ஒவ்வொரு ஆட்டின் கம்பளியும் தனித்தனிப் பையில், இலக்கம் போட்டு இருந்தது. இலக்கம் 3 ஐ எடுத்தேன். தோள்ப்பக்கத்துக் கற்றை ஒன்றை இழுத்து விரலில் சுற்றினால் வெண்ணெய் மாதிரி, சின்னச் சின்ன நெளி, இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்குகிறது. நல்ல சந்தோஷம். அப்படியே கையைத் தொடைப்பக்கம் கொண்டுபோனால் வேறு ஆடு. நெளியே இல்லை. மற்றக் கம்பளியைவிட மூன்று விரல் நீளமாக, நேராக, தடித்த மயிர், கையில் தேங்காய்த் தும்பு போலக் குத்தியது. தோளுக்கும் தொடைக்கும் கொஞ்சம் வித்தியாசம் எந்த ஆட்டிலும் இருக்கும், அது எங்களுக்குத் தெரியாததல்ல. இது கொஞ்சம் அல்ல, கம்பளியின் பின்பாதியில் பெரும்பகுதி இப்படித்தான். இலக்கம் 5, 6, 8 என்று பார்த்துக்கொண்டு போனதில் எட்டில் ஐந்து இதே கதை.

அடுத்தது நிறம். கற்றையை நுனி ஒரு கையிலும் அடி ஒரு கையிலும் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் அடி இருண்ட சொக்லேட், நுனி வெளுத்த தேன். பழுப்புக் கம்பளி வெயிலில் நுனி வெளுக்கும், கறுப்பு நுனி சிவக்கும், இது இயல்பு. ஆனால் மேற்பக்கத்தைப் படம் எடுத்தால் தெரிவது வெளுத்த நுனி மட்டும். சீவி நூற்றால் அடியும் நுனியும் கலந்து மூன்றாவது ஒரு நிறம் வரும். எட்டுப் பைக்கும் மூரிட் என்று ஒரே பெயர்தான் எழுதியிருந்தது. நூற்றுப் பார்த்த நான்கு சிட்டமும் நான்கு பழுப்பு.

எங்களில் மூத்தவர், நாங்கள் மாமி என்று கூப்பிடுபவர், ஒவ்வொரு கற்றையையும் காதருகே கொண்டுபோய் இரு நுனியும் பிடித்துச் சட்டென்று இழுத்துப் பார்த்தார். பலமான கம்பளி கம்பியைத் தெறித்தது போலச் சத்தம் தரும், பலவீனமானது நொருநொரு என்று கிழியும். எட்டும் தெறித்தன. ஆகவே தீனியிலோ நோயிலோ குறை இல்லை, ஆடுகள் நன்றாகத்தான் வளர்ந்திருக்கின்றன. குறை பரம்பரை வழியில் வந்தது.

மச்சாள் பக்கம்: வால்

அன்று இரவே மச்சாளோடு கதைத்தேன். கோபம் வரவில்லை, இரண்டு பேருக்கும் பயம்தான் வந்தது, ஏனென்றால் அடுத்த மாதம் அதே கிடாயைத்தான் மீண்டும் சேர்க்க இருந்தார். அயலில் பல காலமாக ஷெட்லண்ட் வளர்க்கும் ஒரு பெரியவரை அழைத்துக் காட்டினார்.

பெரியவர் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம். கிடாயைச் சுவரோரம் நிறுத்தி, பின்னால் போய் வாலைத் தூக்கிப் பார்த்தார். ஷெட்லண்ட் வால் குட்டை. அடியில் அகலமாக இருந்து கூராக ஒடுங்கும், அகன்ற பகுதியில் கம்பளி, ஒடுங்கிய நுனியில் வெறும் மயிர். வாலை வெட்டும் வழக்கமே இந்த இனத்தில் இல்லை, அதனால் வால் பொய் சொல்லாது. மூரிட் கிடாயின் வால் கீழே வரை நீண்டு, நுனி வரை கம்பளி மூடியிருந்தது. பிறகு ஒரு கையைத் தோளிலும் மற்றதைத் தொடையிலும் வைத்து விரலால் கம்பளியைப் பிளந்தார். "நிறம் பின்னங்கால் வரைக்கும் வந்திருக்கு, கம்பளி பாதி வழியிலே நின்றுவிட்டது" என்றாராம். எங்கோ ஒரு தலைமுறையில் வேறு ஆடு கலந்திருக்கிறது என்பது அவருடைய முடிவு.

1927 இலக்கணத்தை மச்சாள் அதற்குப் பிறகுதான் முழுதாக வாசித்தார், எனக்கும் வாசித்துக் காட்டினார். கம்பளி மிக மெல்லியதாக, மென்மையாக, ஓரளவு நீளமாக, நெளியோடு, அடர்த்தியாக மூடியதாக இருக்கவேண்டும் என்கிறது. வாலுக்குத் தனி வரி. நிறத்துக்கு வெறும் பெயர்கள். நாங்கள் அந்தப் பெயர் வரியை மட்டும் வாசித்து மற்றதை விட்டுவிட்டோம்.

இதில் நான் பிறகு யோசித்து விளங்கிக்கொண்ட ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் திருச்சி கருங்குறும்பை என்று ஒரு செம்மறி இனம் உண்டு. உடல் முழுதும் கறுப்பு, கிடாய்க்குக் கொம்பு, மறிக்குக் கொம்பில்லை, கம்பளி முரடு. அங்கே கறுப்புத்தான் இனத்தின் அடையாளம், வெள்ளைத் திட்டு கண்டால் கலப்பென்று சந்தேகப்படலாம். மான் தீவின் லோக்டன் ஆடு பழுப்பு மட்டும், வெல்ஷ் மலைக் கறுப்பாடு பெயரிலேயே கறுப்பு, ஜேக்கப் ஆட்டுக்கு வெள்ளையில் திட்டுகள். அவற்றிலெல்லாம் நிறம் ஒரு சாட்சி. எல்லா நிறமும் செல்லும் ஷெட்லண்டில் நிறம் எதற்கும் சாட்சி அல்ல, கலப்பாட்டிலும் அதே மூரிட் வரும். ஆகவே அங்கே சாட்சி வால், காது, கம்பளியின் தன்மை இவைதான். ஒரு இனத்துக்குச் சரியான பார்வையை இன்னொரு இனத்தின் மேல் வைத்தோம்.

எடுத்த தீர்மானங்கள்

மச்சாள் மூரிட் கிடாயை நிறுத்திவிட்டார். 2019 இல் தள்ளிவிட்ட அந்தக் கறுப்புக் கிடாய் இன்னும் அதே மந்தையில் இருந்தது, அதை இரவல் வாங்கினார். சிவந்த நுனியைப் பிளந்தால் உள்ளே கன்னங்கரேல் என்ற கறுப்பு, தொடை வரை நெளி. அதன் தாய் மூரிட், ஆகவே பழுப்புக் காரணி ஒன்று அதனிடம் நிச்சயம் இருக்கும், பழுப்பு மறிகளோடு சேர்த்தால் சராசரியில் பாதிக் குட்டி பழுப்பு. பாதி போதும் என்று தீர்மானித்தோம். 8 பழுப்பு ஆடுகளில் கம்பளி நன்றாக இருந்த 3 ஐ வைத்துக்கொண்டார், 4 ஐ விற்றார். மிச்சம் ஒன்று, தொடைக் கம்பளி ஆக மோசமானது, தாய் செத்துப் போத்தல் பாலில் வளர்ந்த மறி. அதை விற்க அவருக்கு மனம் வரவில்லை, இனவிருத்திக்கு விடாமல் வைத்திருக்கிறார். அது சரியான முடிவு என்றுதான் நானும் நினைக்கிறேன்.

கொழும்பில் எங்கள் சிக்கல் வேறு. கார்த்திகையில் நுவரெலியா ஹோட்டல் ஒன்று அடுத்த சித்திரைப் பருவத்துக்கு 12 மடிப் போர்வைகள் கேட்டிருந்தது, ஒரே பழுப்பில். ஒன்றுக்கு 450 கிராம் என்றால் 5.4 கிலோ. வந்திருந்த 7 கிலோவில் முரடைக் கழித்தால் மென்மையானது 3.8 கிலோதான்.

சாயம் போட்டு ஒரே நிறமாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. சாயமிடாதது என்று சொல்லி விற்கும் பொருளில் சாயம் போட்டால் அது பொய், விட்டோம். எல்லாவற்றையும் ஒன்றாகச் சீவிக் கலக்கலாம் என்றது இரண்டாவது யோசனை. நிறம் ஒன்றாகும், ஆனால் தும்பு எல்லாப் போர்வையிலும் பரவி எல்லாமே கழுத்தில் குத்தும். கடைசியில் ஒவ்வொரு கம்பளியையும் தோள், நடுப்பக்கம், தொடை என்று பிரித்தோம், மென்மையானதை மூன்று பழுப்பாகத் தரம் பிரித்தோம், குறைந்ததற்கு முன்பே இருந்த கறுப்புக் கம்பளியைப் பட்டையாகச் சேர்த்து வடிவத்தை மாற்றினோம். ஹோட்டலுக்கு நடந்ததை நடந்தபடி எழுதி, ஒரு மாதிரித் துண்டும் அனுப்பினோம். ஒத்துக்கொண்டார்கள். தொடைக் கம்பளி நில விரிப்பாகப் போனது, அதற்கு அந்த முரடு நல்லதுதான்.

தொடர்ந்து நடந்தது

2022 மார்ச்சில் நாடு விழுந்தது. மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது, கூடுதல் கம்பளி எடுப்பதை நினைக்கவே முடியவில்லை. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. சீவும் மெஷின் நின்றது, கைப்பலகையால் சீவினோம், தறிக்கும் ராட்டைக்கும் மின்சாரம் தேவையில்லை என்பதால் பகல் வெளிச்சத்தில் நெய்தோம். நிறம் பிரிப்பதற்குப் பகல் வெளிச்சம்தான் சரி, டியூப்லைட்டில் இரண்டு பழுப்பும் ஒன்றாகத் தெரியும். ஹோட்டல் 12 ஐ 8 ஆகக் குறைத்தது, அவர்களுக்கும் விருந்தினர் இல்லை. மிச்சம் 4 போர்வை 2023 இல்தான் விற்றது. வேப்பிலைச் சருகும் வாரம் ஒரு தடவை வெயிலும் இல்லாவிட்டால் கொழும்பு ஈரத்தில் பூச்சி தின்றிருக்கும்.

2022 சித்திரையில் கறுப்புக் கிடாயின் 12 குட்டிகள் பிறந்தன, 5 பழுப்பு. 2023 ஆடியில் கத்தரித்த கம்பளி வருஷக் கடைசியில் வந்தது. அதே விரிப்பு, அதே மொட்டைமாடி. ஐந்திலும் கையைத் தோளிலிருந்து தொடைக்குக் கொண்டுபோனால் மென்மை படிப்படியாகத்தான் குறைகிறது, எங்கும் திடீரென்று உடையவில்லை. பழுப்பு இப்போதும் ஐந்தும் ஒன்றல்ல. 2024 இல் இரண்டாம் கத்தரிப்பில் மூன்று இன்னும் வெளிறின, மூரிட் வருஷம் போகப் போக வெளிறுவது உண்டு, அதைக் கிடாய் மாற்றித் தீர்க்க முடியாது.

மாற்றியவையும் இன்னும் மாற்ற வேண்டியவையும்

வாங்கும் முன் இப்போது ஒரு அட்டை வருகிறது. ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு அட்டை, அதில் தோள், நடுப்பக்கம், தொடை மூன்றிலிருந்தும் அடியோடு வெட்டிய கற்றை ஒட்டியிருக்கும், நுனி எது அடி எது என்று குறித்து. கிடாய் என்றால் வாலைப் பின்னாலிருந்து எடுத்த படம் கட்டாயம். முதல் கத்தரிப்பை வைத்து நிறம் முடிவு செய்வதில்லை, இரண்டாவதையும் பார்க்கிறோம். தொடைக் கம்பளியை வேறாக, குறைந்த விலைக்கு எடுக்கிறோம், முன்பு ஒரே விலையில் எடுத்ததால் அதைப் பிரிக்க மச்சாளுக்கும் காரணம் இருக்கவில்லை.

பனங்கட்டி என்ற சொல்லை விடவில்லை, ஆனால் கட்டளைத் தாளில் அது இல்லை. அங்கே நூற்ற நூலில் ஒரு சாண் வெட்டி ஒட்டுகிறோம். வீட்டில் பேச இப்போது மூன்று சொல் இருக்கிறது: கித்துள் பாணி, பனங்கட்டி, தேன். மாமி வைத்த பெயர்கள்.

பத்திரமில்லாத கிடாயை இனி எடுக்கவே கூடாதா என்பதில் எனக்கும் மச்சாளுக்கும் இன்னும் ஒத்த கருத்து இல்லை. பத்திரம் இருந்தாலும் தொடை முரடாக இருக்கலாம் என்கிறார் அவர், அதுவும் உண்மை. பத்திரமும் வேண்டும், கையால் பிளந்தும் பார்க்கவேண்டும் என்பது என் பக்கம்.

இந்த வருஷ அட்டைகள் போன கிழமை வந்தன. இலக்கம் 7 இல் தொடைக் கற்றை ஒட்டாமல் விட்டிருக்கிறார், தோள் மட்டும் பார்த்தால் எல்லாவற்றிலும் வடிவானது அதுதான். கேட்டு எழுதியிருக்கிறேன், அது வந்த பிறகே கட்டளை போகும்.